எமில் கூபேனாவும் வெள்ளைத் துணியும்

எமில் கூபேனா இடக்கைக்காரர். தம்முடைய துன்பங்கள் யாவும் அதிலிருந்தே தொடங்கின என்று அவர் நம்பினார். ஊரும் அவ்வாறே நம்பியது. அந்த நம்பிக்கைக்குத் தக்க காரணமும் இருந்தது.

லவாக்கா ஆற்றை ஒட்டிய அந்தச் சிற்றூரில், வட்டாரச் சாலைகளைச் செப்பனிடும் பெரிய வண்டியை ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற ஆண்டிலேயே மனைவி ஆக்னஸ் இறந்துபோனார். அதன்பின் வெறும் வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் ஒப்பாமல், பன்றி சுடும் தொழிலை மேற்கொண்டார். மக்காச்சோளம் விதைத்த மறுநாளே காட்டுப் பன்றிகள் வரப்பிலிருந்து வரப்புவரை விதையைக் கிளறித் தின்றுவிடும் மண் அது. மேய்ச்சல் நிலத்து மாடுகள் மிரளாதபடி, கூட்டத்தில் முதற்பன்றி விழுவதை மற்றவை உணராதபடி, ஓசையின்றிச் சுடுபவரையே உழவர்கள் கூப்பிடுவார்கள். எமிலின் துப்பாக்கி முனையில் உரிமம் பெற்ற ஒலியடக்கி ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும்.

அந்தத் துப்பாக்கியை அவரே உறுப்பு உறுப்பாக வாங்கிக் கோத்தார். குண்டை வெளியே தள்ளுகிற வாயுவில் ஒரு பங்கை, ஒரு மெல்லிய குழாய் பின்னுக்கு இழுத்து வரும். அந்த மூச்சின் வேகத்திலேயே வெற்றுக் கூடு வெளியே தெறித்து, அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். எளிய ஏற்பாடு; குறி பிசகாதது. ஆனால் முனையில் ஒலியடக்கி இருந்தால், முன்னே போக வழியற்ற புகை பின்னே திரும்பும். இறைச்சியைப் புகையிட்டுப் பதப்படுத்தும் கூண்டின் மேல்திறப்பை மூடி வைத்துவிட்டு, அதன் கதவைத் திறப்பவன் கதிதான் சுடுபவனுக்கு. கூடு தெறிக்கும் வாய் துப்பாக்கியின் வலப்புறம் இருப்பதால், வலக்கைக்காரர்கள் ஓரளவு தப்பிவிடுவார்கள். இடத்தோளில் வைத்துச் சுடும் எமிலின் முகமோ, வலப்புறம் சாய்ந்து அந்த வாய்க்கு நேராகவே இருக்கும். அந்திவேட்டை முடிந்து அவர் திரும்பும்போது வலக்கண்ணின் கீழே மைபூசினாற்போல் ஒரு கருமை படிந்திருக்கும்.

துப்பாக்கியைத் துலக்காமல் அவர் உணவுக்கு உட்கார்ந்ததில்லை. ஆக்னஸின் பழைய படுக்கை விரிப்புகளைச் சதுரம் சதுரமாகக் கத்தரித்து ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். அந்த வெள்ளைத் துணியால் உட்புறத்தைத் துடைத்து, கரி படிந்ததை எறிந்து, துணி வெள்ளையாகவே திரும்பும்வரை துடைப்பார். துணி சொல்வதே இறுதித் தீர்ப்பு.

ஈய நஞ்சு உடலில் ஏறியிருப்பது ஒரு வசந்த காலத்தில் தெரியவந்தது. அதற்கு முன்பே வயிற்றுவலி இருந்தது. வாயில் எந்நேரமும் செப்புக்காசு சப்பியது போன்ற சுவை. பிறகு இடக்கை விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. ஊர் மருத்துவமனைச் செவிலியர் பெனாவிடெஸ் அம்மாள் சோதனை முடிவோடு அவர் எதிரே வந்து அமர்ந்தார்.

"எமில் ஐயா, உங்க ரத்தத்துல ஈயம் ஏகத்துக்கு ஏறிக் கெடக்கு. வீடு எப்பக் கட்டினது? பழைய பெயின்ட் ஏதாவது உரிஞ்சு விழுதா?"

"செங்கல் வீடும்மா. நானே நின்னு கட்டினது. அந்த மாதிரி பெயின்ட்டெல்லாம் நிறுத்தினதுக்கு அப்புறம்."

"கிணத்துத் தண்ணியா குடிக்கிறீங்க?"

"ஊர்க் குழாய்த் தண்ணி. நீங்க குடிக்கிற அதே தண்ணிதான்."

"அப்ப எங்கேருந்து வருது இது?"

எமில் வலக்கண்ணின் கீழே விரலை வைத்துக் காட்டினார். "இங்கேருந்து. இடக்கையா பொறந்த பாவம்."

புகை, வாயு, கூடு தெறிக்கும் வாய் எல்லாவற்றையும் அவர் விளக்கிச் சொல்ல, செவிலியர் குறித்துக்கொண்டார். விளக்கம் தெளிவாக இருந்தது. அதில் பொய்யும் இல்லை. குண்டிலும் அதைப் பற்றவைக்கும் மருந்திலும் உள்ள ஈயம் அந்தப் புகையில் இருக்கத்தான் செய்தது. தெளிவான விடை ஒன்று கையில் கிடைத்துவிட்டால் மேற்கொண்டு எவரும் தேடுவதில்லை.

"ஒண்ணு அந்தப் புகையை நிறுத்துங்க, இல்லேன்னா சுடுறதை நிறுத்துங்க," என்றார் பெனாவிடெஸ் அம்மாள். "இப்படியே போனா அந்தக் கை உங்க கையா இருக்காது."

தீவனக் கடையின் பின்புறத்தில் ஆல்வின் யான்ஸ்கியின் துப்பாக்கிப் பட்டறை இருந்தது. ஞாயிறுதோறும் தேவாலயம் முடிந்து எமிலோடு சீட்டாடுபவர். ஆட்டத்தில் தோற்றால் மட்டும் செக் மொழியில் வைபவர். எமில் சொன்னதைக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"நீ இடக்கையா பொறந்ததுக்கு அந்தத் துப்பாக்கி என்னடா பண்ணும்? உங்கப்பன்கிட்டப் போய்க் கேளு."

"விளையாடாதடா. பிஸ்டனுக்கு மாத்திடலாமான்னு கேக்கறேன். வாயுவை முன்னாலயே நிறுத்திட்டு, கம்பி வந்து பின்னால இடிக்குமே, அது."

"நல்லா ஓடுற ட்ராக்டருக்கு எவனாவது வேற இன்ஜின் வைப்பானா?"

"ட்ராக்டர் நல்லாத்தான் ஓடுது. ஓட்டுறவன்தான் ஓடல."

ஆல்வின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு குறையாக எடுத்துச் சொன்னார். கம்பியும் அதைத் தாங்கும் உறுப்பும் முன்புறத்தில் எடை கூட்டும். நடுங்கும் கைக்கு அது ஆகாது. நேராகப் பின்வாங்க வேண்டிய உறுப்பை, கம்பி மேலிருந்து இடிப்பதால் அது உள்ளே சாய்ந்து உரசும். பிஸ்டனோடு பிறந்த துப்பாக்கி வேறு. பாதி வாழ்வில் பிஸ்டன் ஏற்றிக்கொண்டது வேறு.

"குறி மாறிப்போகும்டா. நீயே மருந்து போட்டுக் கட்டுற தோட்டா இந்தத் துப்பாக்கிக்குன்னே அளந்து கட்டுனது. எல்லாத்தையும் முதல்லேருந்து பார்க்கணும். பேசாம ஒலியடக்கியைக் கழட்டி வெச்சுட்டுச் சுடேன்."

"கழட்டினா எவன் கூப்புடுவான்? முதல் வெடிக்கே பன்னி எல்லாம் ஆத்தைத் தாண்டிடும்."

"அப்ப முகமூடி போட்டுக்கோ."

"ஆகஸ்டு மாசப் புழுக்கத்துலயா? கண்ணாடி பூராப் பனி மூடும். பன்னின்னு நெனச்சு உன்னைச் சுட்டுருவேன்."

"பன்னிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாமத்தானே இத்தனை வருஷமா சீட்டாடுறே?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் எமில் முடிவெடுக்காமலேயே வீடு திரும்பினார்.

கோடை முழுதும் அந்த எண்ணம் அவரைத் தின்றது. பிறர் கண்ணுக்கு அது ஓர் உறுப்பை மாற்றும் காரியம். அவருக்கோ, ஆக்னஸ் போன பிறகு தம் கையால் செம்மையாகச் செய்து முடித்த ஒரே பொருள் அந்தத் துப்பாக்கி. அதில் கைவைத்துக் குறி கெட்டுப்போனால், மீண்டும் செம்மைப்படுத்தும் வலு தம் விரல்களுக்கு இனி இல்லை என்ற அச்சம் உள்ளூர இருந்தது. கைவைக்காமல் விட்டாலோ, விரல்களே இல்லை.

வீட்டில் அவர் தனியாகவும் இல்லை. கணவன் கைவிட்டுப் போனதால் மகள் மார்லீன் கைக்குழந்தையோடு தந்தையிடமே திரும்பி வந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. அவள் வேலைக்குப் போகும் பகற்பொழுதில் குழந்தை ஹெட்டியை எமில்தான் பார்த்துக்கொள்வார். பன்றிகள் அந்தியில்தானே வெளியே வரும். இந்த ஏற்பாடு இருவருக்கும் ஒத்துவந்தது. துப்பாக்கி வைக்கும் இரும்பு அலமாரியின் அருகேகூடக் குழந்தையை அவர் விட்டதில்லை. வயலுக்கு உடுத்திச் செல்லும் சட்டையைக் கொட்டகையிலேயே கழற்றி மாட்டிவிட்டு, முகம் கை கழுவிய பிறகே அவளைத் தூக்குவார். புகையின் தீங்கு பேத்தியை எட்டக்கூடாது என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

தோட்டாவையும் அவர் கடையில் வாங்குவதில்லை. சுட்ட இடத்தில் குனிந்து பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, துலக்கி, மருந்து நிரப்பி, புதுக் குண்டு பொருத்திக்கொள்வார். அவ்வட்டாரத்தில் பாதிப் பேர் அப்படித்தான். கூடு துலக்க ஒரு பொறி உண்டு. மக்காச்சோளக் கட்டையை அரைத்த தூளோடு கூடுகளையும் கிண்ணத்தில் போட்டு முடுக்கிவிட்டால், அது அதிர்ந்து அதிர்ந்து கரியை உரசி எடுத்துவிடும். முதலில் அதைக் கொட்டகையில்தான் வைத்திருந்தார். வளைகுடாக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்றில் தூள் கட்டிபிடித்துப்போயிற்று. ஆகவே வீட்டினுள், துணி துவைக்கும் அறையில், துணி உலர்த்தும் பொறியின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். வீட்டிலேயே ஈரமில்லாத இடம் அதுதான். கூடுகள் பளபளத்ததும் சல்லடையில் கொட்டிச் சலிப்பார். மெல்லிய தூசி எழும். சோளத்தின் தூசிதானே!

ஹெட்டிக்கு அந்தப் பொறியின் முனகல் மிகவும் பிடிக்கும். பல் முளைக்கும் வேதனையில் அவள் அழுதபோது தற்செயலாகத்தான் எமில் அதைக் கண்டுபிடித்தார். அன்றுமுதல் உறங்க மறுத்தால், உலர்ந்து இளஞ்சூடாக இருக்கும் துணிக்கூடையில் அவளைக் கிடத்தி, பொறியை முடுக்கிவிடுவார். "ம்ம்ம்" என்று அது முனக, குழந்தை கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு கண் சொக்கிப்போவாள்.

"தாலாட்டுப் பாடத் தெரியாத தாத்தாவுக்கு மெஷின் பாடுது," என்று மார்லீன் கேலி செய்வாள். ஆனால் அவர் கை நடுங்கிக் காப்பிக் கோப்பை தட்டில் கடகடத்தால் அவள் முகம் மாறிவிடும். "அப்பா, அந்தத் துப்பாக்கியா நீங்களான்னு சீக்கிரம் ஒரு முடிவு பண்ணுங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா நானும் இவளும் எங்கே போவோம்?"

முடிவெடுத்தது எமில் அல்ல, ஒரு தாய்ப்பன்றி.

ஆகஸ்டு இறுதியில் ஓர் அந்தியில், ஹ்ராபல் குடும்பத்தாரின் சோளக்கொல்லை ஓரம் கூட்டம் வந்தது. முன்னே வந்த தாய்ப்பன்றியைக் குறிபார்த்துக்கொண்டிருந்தபோதே துப்பாக்கி வெடித்துவிட்டது. விசையை அழுத்தியதை அவர் விரல் அறியவில்லை. குண்டு இடுப்பில் பட்டது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு அது கொல்லைக்குள் புகுந்து, மனிதக் குரலில் அலறியது. அலறும் திசையை வைத்து எமில் சோளத் தட்டைகளை விலக்கி விலக்கிப் போனார். கண்டுபிடித்து முடித்துவைப்பதற்குள் அரைநாழிகை ஆயிற்று. அதன் மடியில் பால் கட்டியிருந்தது. திரும்பி வந்து வண்டிக்குள் அமர்ந்தவர், இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக மற்றக் கையால் நீவிப் பார்த்தார். சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் வேறு யாருடையவையோ போலிருந்தன.

மறுநாள் காலையில் ஆல்வினின் மேசைமேல் துப்பாக்கியைக் கிடத்தினார்.

"மாத்திடு."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சு யோசிச்சுத்தான் இந்த கதி. மாத்துடா."

ஆல்வின் ஒரு முற்பகலில் வேலையை முடித்தார். மெல்லிய குழாயை உருவி எடுத்து எமிலின் உள்ளங்கையில் வைத்தபோது, "பாதிரியாரைக் கூப்பிடவா? ஏதாவது செபம் சொல்லிப் பொதைச்சிடலாமா?" என்று கேட்டார். எமில் சிரிக்கவில்லை. பட்டறைக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் ஒரு தோட்டாப் பெட்டி தீரும்வரை சுட்டார்கள். புகை முகத்தில் அடிக்கவில்லை. முன்முனையோரம் மட்டும் சிறிது கசிந்து காற்றில் கரைந்தது. எமில் சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து உட்புறத்தைத் துடைத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. இன்னொரு முறை துடைத்தார். அப்போதும் வெள்ளை.

"சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்குடா," என்றார். கண் கலங்கியிருந்தது. புகையால் அன்று.

அன்று மாலை மார்லீன் கசகசா வைத்த கொலாச்சி என்னும் செக் இனிப்பு ரொட்டி சுட்டாள். ஆல்வினும் வந்திருந்தார். எல்லாரும் கனமொன்று இறங்கினாற்போல் உண்டார்கள். ஹெட்டி தாத்தாவின் மடியில் அமர்ந்து மாவு விரல்களால் அவர் முகத்தைத் தடவினாள்.

ஆல்வின் எச்சரித்தபடியே குறி மாறியிருந்தது. புதிய ஏற்பாட்டுக்குத் தக்க மருந்தளவைக் கண்டறிய, எமில் இலையுதிர்காலம் முழுவதும் ஆற்றங்கரையில் சுட்டுச் சுட்டுப் பார்த்தார். அச்சமின்றிச் சுட்டார். முன்பு வாரத்தில் ஓரிரு நாள் ஓடிய துலக்கும் பொறி இப்போது நாள்தோறும் ஓடிற்று. ஹெட்டியின் உறக்கத்துக்கும் குறைவில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில் செவிலியர் மறுபடி ரத்தம் எடுத்தார். ஈயம் குறையவில்லை, கூடியிருந்தது.

"துப்பாக்கியை மாத்திட்டேன்னு சொன்னீங்களே?"

"மாத்திட்டேம்மா. உள்ளே தொடச்சா பொட்டுக் கரி இல்ல. எலும்புல ஊறுனது இறங்க நாளாகும்னு எங்கேயோ படிச்சேன்."

"இறங்க நாளாகும், சரிதான். ஆனா ஏன் ஏறணும்?"

எமில் மடித்திருந்த சட்டைக்கையை இறக்கிப் பொத்தானிட்டார். வெள்ளைத் துணி பொய் சொல்லாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும்.

அந்த மாதங்களில் ஹெட்டி பேச்சை இழந்துகொண்டிருந்தாள். கோடையில் பசுவைக் கண்டால் ஒரு சொல், பந்துக்கு ஒரு சொல், தாத்தாவுக்கு ஒரு சொல் என்று வைத்திருந்தவள், ஒவ்வொன்றாகக் கைவிட்டாள். கூப்பிட்டால் திரும்புவதும் குறைந்தது. "கூபேனா ரத்தம், மெதுவாத்தான் பேசும்," என்றார் எமில். "நானே மூணு வயசுக்கு மேலதான் வாயைத் தொறந்தேன். எங்கம்மா ஊமைன்னு நெனச்சு அழுதாளாம்." மார்லீன் நம்ப விரும்பினாள், நம்பினாள். பிறகு குழந்தை உண்டதையெல்லாம் வாந்தியெடுக்கத் தொடங்கினாள். மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். பெனாவிடெஸ் அம்மாள் குழந்தையைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார், ஊசியை எடுத்தார்.

முடிவைச் சொல்ல அவர் தொலைபேசியில் அழைக்கவில்லை. தாமே வண்டியோட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"மார்லீன், இப்பவே ஹூஸ்டன் ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. நான் சொல்லி வெச்சிருக்கேன். குழந்தை ரத்தத்துல தாத்தாவைவிட அதிகமா ஈயம் இருக்கு."

"இருக்க முடியாது!" மார்லீன் கத்தினாள். "அவ வயல் பக்கமே போனதில்ல. அப்பா துப்பாக்கியை அவ தொட்டதே இல்ல."

"அதான் நானும் சொல்றேன். துப்பாக்கி இல்ல. வீட்டுக்குள்ள என்னமோ இருக்கு. எமில் ஐயா, இந்த வீட்டுக்குள்ள என்ன இருக்கு?"

எமில் அவரையே பார்த்தார். பிறகு, மகளுக்கும் குழந்தைக்கும் மாற்றுடை எடுத்துவருவதாக முணுமுணுத்து உள்ளே போனார்.

துணி துவைக்கும் அறையில் பொறி முனகிக்கொண்டிருந்தது. காலையில் அவரே முடுக்கிவிட்டது. மேற்குச் சாளரத்தின் வழியே சாய்வெயில் ஒரு பட்டையாக விழுந்து, துணிக்கூடையின்மேல் கிடந்தது. அந்த ஒளிப்பட்டையில் தூசி நின்றது. விழவும் இல்லை, எழவும் இல்லை, நின்றுகொண்டிருந்தது. கூடையின் மேலே குழந்தையின் சிறு உடுப்புகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன.

எமில் சட்டைப்பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்தார். துணி உலர்த்தும் பொறியின் மேற்பரப்பைத் துடைத்தார். துணி சாம்பல் நிறமாயிற்று. இன்னொன்றை எடுத்துச் சாளரக் கட்டையைத் துடைத்தார். கூடையின் விளிம்பைத் துடைத்தார். மடித்த உடுப்பு ஒன்றின்மேல் மெல்ல ஒற்றினார். பிஸ்டன் மாற்றிய பிறகு துப்பாக்கியின் வயிற்றில் ஒருநாளும் இராத அளவு கரி, குழந்தையின் இரவுடையிலிருந்து எழுந்து வந்தது. புகையை அவர் துப்பாக்கியில் நிறுத்திவிட்டார். கூடுகளின் உள்ளே கரியாக ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த ஈயத்தை, நாள்தோறும் தம் கையாலேயே அதிரவைத்து, சலித்து, பேத்தியின் மூச்சில் கலந்திருக்கிறார்.

வெளியே வண்டி உறுமியது. "அப்பா! துணி எங்கே?" என்று மார்லீன் கூவினாள்.

அவர் உடுப்பு எதுவும் எடுக்காமல், துடைத்த துணியோடு மட்டும் வாசலுக்கு வந்தார்.

"இந்த வீட்டுத் துணி எதுவும் வேண்டாம்மா. போட்டிருக்கறதையும் போற வழியில கழட்டி எறிஞ்சிடுங்க. கடையில வாங்கிப் போட்டுக்கோங்க."

"ஏம்ப்பா? என்ன ஆச்சு?"

அவர் கையிலிருந்த சாம்பல் நிறத் துணியை நீட்டினார். மார்லீனுக்கு முதலில் புரியவில்லை. உள்ளே பொறி ஓடும் ஓசை திறந்த கதவு வழியே வாசல்வரை கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே அவள் துணியைப் பார்த்தாள். பிறகு வண்டி இருக்கையில் கட்டியிருந்த குழந்தையைப் பார்த்தாள். புரிந்த கணத்தில் அவள் ஓடிப்போய் வண்டியில் ஏறினாள். ஹெட்டி தாத்தாவைக் கண்டு இரு கைகளையும் நீட்டினாள். எமில் ஓர் அடி பின்வாங்கி, தம் கைகளை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டார்.

மார்லீன் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. இப்போது விக்டோரியா நகரில் இருக்கிறாள். எமில் துப்பாக்கியை ஆல்வினிடமே கொடுத்துவிட்டார், விலை பேசவில்லை. பட்டறைச் சுவரில் அது மாட்டியிருக்கிறது. பிஸ்டன் பிசகின்றி வேலை செய்கிறது என்று ஆல்வின் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டு, பிறகு நெடுநேரம் சீட்டுக் கட்டையே கலைத்துக்கொண்டிருந்தார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, எமில் பட்டறையின் பின்னாலிருக்கும் தொட்டியில் குளித்து, அங்கேயே பையில் கட்டி வைத்திருக்கும் உடையை உடுத்தி, ஆல்வினின் வண்டியில் விக்டோரியாவுக்குப் போய்வருகிறார். மகள் உள்ளே வரச்சொல்வாள். அவர் வெளிப்படியிலேயே அமர்ந்துகொள்வார். இடக்கை மடியில் கிடக்கும். அது இப்போது எதையும் பற்றுவதில்லை. ஹெட்டியின் உடலில் ஈயம் இறங்கிவிட்டது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். போன சொற்கள் வருமா என்று கேட்டால் மட்டும் வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள்.

ஹெட்டிக்கு நான்கு வயது முடியப்போகிறது. சென்ற முறை அவள் வெளியே வந்து தாத்தாவின் முழங்காலில் தலை சாய்த்தாள். உறக்கம் வரும் நேரம். கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு, கண்களை மூடி, தனக்குத் தானே ஓர் ஓசை எழுப்பினாள். சொல் அன்று, பாட்டும் அன்று. ஏற்ற இறக்கமின்றி, நிறுத்தாமல், "ம்ம்ம்" என்று தொண்டைக்குள் முனகினாள்.

எமில் அசையாமல் அமர்ந்து, அவள் உறங்கும்வரை அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.